எட்டு பேர் மேஜை

நன்னிலம்
10.11.2024

அன்புள்ள ராஜாத்திக்கு,

தீபாவளிக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் தவிர. சம்பா நட்ட வயல்களில் மழைத் தண்ணீர் நிற்கிறது. வடிகாலை வெட்டிவிட ஆள் கேட்டு நாலு நாளாயிற்று, வருகிறேன் என்று சொன்னவர்கள் எல்லாரும் சொன்னதோடு சரி.

கைபேசியில் பேசினால் என்ன என்று உன் மகள் எழில்மொழி கேட்கிறாளாமே. எனக்குக் காகிதம்தான் சரிப்படும் என்று சொல். இடது பக்கம் ஓரங்குலம் விடாமல் எழுதிய எதையும் நம் கான்வென்ட் சிஸ்டர் பெர்னதெத் கையால் தொடமாட்டார். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்திரண்டு வயதில் நாம் இருவரும் கப்பலேறி ஆறு இரவு கடலில் இருப்போம், ஐம்பது வருடத்துப் பேச்சைப் பேசித் தீர்ப்போம் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அவர் போய் மூன்று வருடமாகிறது. இந்த வீட்டில் ஒரு முழு வாக்கியம் பேசி முடிக்க எனக்கு ஆள் இல்லை. நீ இரண்டு முறை ஊருக்கு வந்தும் என் வீட்டு வாசல் ஏறாமல் போனவள் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதையெல்லாம் கப்பலில் வைத்துக்கொள்கிறேன். வருகிறேன்.

ஆனால் நீ சொன்ன கப்பலில் இல்லை. தஞ்சாவூருக்குப் போய் டிராவல்ஸ் வைத்திருக்கும் பக்கீர் முகம்மதுவிடம் இரண்டு மணி நேரம் விசாரித்தேன்.

"பெரிய கப்பல்ல நாலாயிரம் பேரும்மா. சறுக்குமரம், பாட்டு, ஆட்டம், சீட்டாட்டம்னு நாகூர் கந்தூரி மாதிரி இருக்கும்."

"சின்னது?"

"அறுநூறு பேரு. அது திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாதிரி. எல்லாரும் மெதுவா நடப்பாங்க, மெதுவாப் பேசுவாங்க. உங்களுக்கு அதான் ஒத்து வரும்."

சின்னக் கப்பலில் எல்லா அறைக்கும் பால்கனி. குடிக்கிற காப்பியிலிருந்து வேலையாட்களுக்குக் கொடுக்கும் டிப்ஸ் வரை கட்டணத்திலேயே அடக்கம். பெரிய கப்பல் போக முடியாத சிறிய துறைமுகங்களுக்கும் போகும். நீ சொன்னதில் ஜன்னலே இல்லாத அறை, தட்டை ஏந்திக்கொண்டு வரிசை, நல்ல காப்பி வேண்டுமென்றால் அதற்குத் தனிக் காசு. கட்டணம் மூன்று மடங்குதான். இருந்தால் என்ன? வித்தியாசத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
குந்தவை


சிங்கப்பூர், தோ பாயோ
24.11.2024

அன்புள்ள குந்தவைக்கு,

நீ வருகிறேன் என்றதைப் படித்துவிட்டு எழில்மொழியைக் கட்டிப்பிடித்தேன். "என்னம்மா, லாட்டரி விழுந்துடுச்சா?" என்றாள். என் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. இத்தனை வருடம் மருத்துவமனையில் மற்றவர்களுக்கு அளந்தேன், இப்போது எனக்கு நானே அளந்துகொள்கிறேன். மாலையில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துக் கல் மேஜையில் கிழவிகள் கூட்டம் கூடுகிறோம். உன் பெயர் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

காசு பேச்சை எடுக்காதே. எனக்கு ஓய்வூதியம் இருக்கிறது. இது என் அழைப்பு.

அடியே, பெரிய கப்பலை நீ இப்படிக் கரித்துக் கொட்டலாமா? மூன்று முறை போனவள் சொல்கிறேன், கேள். ஜன்னல் இல்லாத அறை தூங்குவதற்கு மட்டும்தான். கடல் மேல்தளத்தில் கிடக்கிறது, நாலாயிரம் பேருக்கும் அதே கடல். படுக்கையில் துண்டை மடித்து யானை செய்து வைப்பார்கள், ஒருநாள் குரங்கு செய்து மாட்டியிருந்தார்கள். உன் சைவச் சாப்பாட்டுக்குத் தனிப் பகுதியே உண்டு. நம் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்களே! சின்னக் கப்பலில் நீ முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் வேகவைத்த காய்கறி தருவார்கள். தின்றுகொண்டு மெதுவாகப் பேசு.

நான் முதல்முதலாகக் கப்பலேறியது உனக்குத் தெரியும். எழுபத்தைந்தில், நாகப்பட்டினத்திலிருந்து, டெக் டிக்கெட். படகில் போய் ஏணியைத் தொற்றி ஏறினோம். பாய் விரித்த இடம்தான் வீடு. மேலே வெள்ளைத் துணி விரித்த மேஜைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இந்த ஊர் வந்து சேர்ந்தேன்.

இப்போது எனக்குப் பிடித்ததே அந்த மேஜைதான். பெரிய கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. ஏறும்போதே உன் அறைக் கார்டில் மேஜை எண் அச்சடித்துத் தருவார்கள். எட்டு பேர் மேஜை. கடைசி நாள் வரை அதே மேஜை, அதே நாற்காலி, பரிமாறுகிறவரும் மாறமாட்டார். மூன்று பயணத்துக் கார்டையும் பீரோவில் வைத்திருக்கிறேன். 112, 340, 87. நாலாவது கார்டில் நம் இருவருக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பால்கனி எனக்கு வேண்டாம்.

மார்ச் இரண்டாம் தேதி புறப்பாடு. சரி என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராஜாத்தி


நன்னிலம்
8.12.2024

அன்புள்ள ராஜாத்திக்கு,

துண்டு யானையைப் பார்க்க நான் கடல் கடந்து வரவேண்டுமா? எங்கள் வீட்டுக் கலைமகள் அதைவிட நன்றாக மடிப்பாள், சமையலை முடித்த பிறகு நேரம் கிடைத்தால்.

உன் மற்ற காரணங்களை ஒருவாறு ஏற்கலாம். மேஜையை மட்டும் ஏற்க முடியாது. முன்பின் தெரியாத ஆறு பேரோடு நம்மைச் சேர்த்து உட்கார வைக்கக் கப்பல்காரன் யார்? எங்கிருந்து வந்தவர்களோ, என்ன மனிதர்களோ, பக்கத்துத் தட்டில் என்ன இருக்குமோ. ஆறு இரவும் அவர்களோடு சாப்பிட்டாக வேண்டுமாம். சின்னக் கப்பலில் அந்தத் தொல்லை இல்லை. நினைத்த நேரத்துக்குப் போகலாம், இஷ்டப்பட்டவர்களோடு மட்டும் உட்காரலாம். வேண்டாத ஆள் வந்து உட்கார்ந்தால் சிப்பந்தியிடம் கண் காட்டினால் போதும், நாசூக்காக வேறு இடத்துக்கு அழைத்துப் போய்விடுவாராம். பக்கீர் முகம்மது கேட்டுச் சொன்னார். அதுதான் தரம். பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று நம் பெரியவர்கள் பார்த்துப் பார்த்து உட்கார வைத்ததில் காரணம் இல்லாமலா இருக்கும்?

ஆகவே சின்னக் கப்பல். பிடிவாதம் பிடிக்காதே. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. சீக்கிரம் எழுது.

உன்,
குந்தவை


சிங்கப்பூர், தோ பாயோ
27.12.2024

அன்புள்ள குந்தவைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபமாக இருக்கும்போது எழுதக் கூடாது என்று ஒரு வாரம் விட்டுவைத்தேன்.

உன் கல்யாணப் பந்தி உனக்கு நினைவிருக்கிறதா? நீயும் மாப்பிள்ளையும் எதிர் வரிசையில் இருந்தீர்கள். நம் வகுப்பு விக்டோரியாவுக்கும் ஜெயசீலிக்கும் நடுவில் நான். கான்வென்ட்டில் எட்டு வருடம் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், அந்த நினைப்பில் உட்கார்ந்துவிட்டேன். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தாயிற்று. உப்பும் ஊறுகாயும் வைத்தாயிற்று. உன் பெரியப்பா வந்து நின்றார்.

"ஏ புள்ள, நீ செல்லதுரை மகதானே? இங்க எங்க வந்து உக்காந்திருக்க? எந்திரி. கொல்லப்பக்கம் போ, அங்க போடுவாங்க."

எழுந்தேன். அப்போது உன்னைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து மாலையைச் சரிசெய்துகொண்டாய்.

கொல்லையில் அப்பா கோட்டை அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் வயலில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர். என்னைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. "சாப்பிடும்மா, சோறு ஒண்ணுதான்" என்றார். நான் சாப்பிடவில்லை.

உன் வீட்டு வாசல் ஏறவில்லை என்று வருத்தப்பட்டாய். வந்தால் சாப்பிட்டுப் போ என்பாய். எங்கே உட்காரச் சொல்வாய் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மேஜையில் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று இப்போது புரிகிறதா? அந்த எண் என் பெயரில் இருக்கிறது. கடைசி நாள் வரை என்னை யாரும் எழுப்ப முடியாது.

மார்ச் மாதப் பயணத்தை ரத்து செய்துவிட்டேன். நீ உன் கப்பலில் போய்வா. நல்லபடியாக இருக்கட்டும்.

ராஜாத்தி


நன்னிலம்
19.1.2025

அன்புள்ள ராஜாத்திக்கு,

பொங்கலுக்கு முன்பே பதில் எழுதினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, மணமேடைக் கோலத்தில் இருந்தேன், பெரியப்பாவை எதிர்த்து அந்த வீட்டில் யார் பேசியிருக்க முடியும் என்று நான்கு பக்கம். ஒரு பிழை இல்லாத கடிதம். கிழித்துவிட்டேன்.

பார்த்தேன், ராஜாத்தி. நீ எழுந்ததைப் பார்த்தேன். மாலை சரியாகத்தான் இருந்தது.

நீ கவனித்திருக்கமாட்டாய் என்று ஐம்பது வருடம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் உன் கடிதம் வரும்போது, பார், அவள் அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கவில்லை என்று எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன். போன மாதம் அந்தப் பந்திப் பேச்சை என் கையாலேயே உனக்கு எழுதி, மடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மன்னித்துவிடு என்று எழுதுவது சுலபம். எழுதுகிறேன், ஆனால் அது போதாது என்று தெரியும்.

நேற்று பக்கீர் முகம்மதுவிடம் போய்ப் பெரிய கப்பலில் சீட்டு எழுதச் சொன்னேன். "உங்களுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஜன்னல் இல்லாத அறை. முதல் பந்தி, ஆறு மணி. எட்டு பேர் மேஜை. தனியாகப் போனாலும் அறைக்கு இரண்டு ஆள் கட்டணமாம். "யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போனா வீணாகாதேம்மா" என்றார். வீணாகாது என்றேன். இரண்டாவது படுக்கையும் பக்கத்து நாற்காலியும் உனக்கு. உன் பெயரை நான் எழுதவில்லை. அது நீ சொல்லி எழுத வேண்டியது.

மார்ச் இரண்டு, மரீனா பே கப்பல் முனையம், பகல் பன்னிரண்டு மணி. சாம்பல் நிறப் புடவையில் நிற்பேன். நீ வராவிட்டாலும் ஏறுவேன்.

உன்,
குந்தவை


கப்பலிலிருந்து
7.3.2025, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராஜாத்திக்கு,

முனையத்தில் இரண்டு மணி வரை நின்றேன். கடைசி வரிசையில்தான் உள்ளே போனேன்.

நீ சொன்னதெல்லாம் சரி. கடல் மேல்தளத்தில் கிடக்கிறது. தட்டை ஏந்தி வரிசையில் நின்றேன். "ஆன்ட்டி, நகருங்க, இட்லி தீர்ந்துடும்" என்று பின்னால் ஒரு பெண் தள்ளினாள். நகர்ந்தேன். இட்லி கிடைத்தது, நன்றாக இல்லை. காப்பி இன்னும் மோசம். முதல் நாள் யானை, அடுத்த நாள் அன்னம், நேற்று என்ன பிராணி என்று தெரியவில்லை. இரண்டாவது படுக்கையில் வரிசையாக வைத்திருக்கிறேன். பினாங்கில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன். எதைப் பார்த்தாலும் உன்னிடம் சொல்ல வாயெடுத்துவிட்டுத்தான் நீ இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.

மேஜை எண் 206. என் இடது பக்கம் உன் நாற்காலி. பரிமாறும் கோவாக்காரப் பெண் முதல் இரண்டு இரவும் அங்கிருந்த தட்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

மூன்றாம் இரவு அதில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எழுபது வயதிருக்கும். வேறொரு மேஜையில் குடும்பங்களுக்கு நடுவே ஒண்டியாக இருந்தவர், நான் தமிழ் பேசுவதைக் கேட்டு வந்திருக்கிறார். "கொஞ்சம் இருங்க, இன்னொரு நாற்காலி போடச் சொல்றேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, "எழுந்திருங்க. இது வேறொருத்தருக்கு." அவர் உடனே எழுந்து, "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். யாருடைய குரல் அது என்று எனக்குத் தெரியும். உனக்காக வைத்த நாற்காலியிலிருந்தே ஒரு மனிதரை எழுப்பினேன்.

கூடம் முழுக்கத் தேடி, அவரைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தேன். முழங்கால் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவர் தட்டில் ஆட்டுக்கறி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் என் சாதத்தைச் சாப்பிட்டேன். அவர் ஈப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாட்டனார் நாகூரிலிருந்து போனவராம். மனைவி போன வருடம் தவறிவிட்டார், இருவருக்கும் என்று வாங்கிய சீட்டில் ஒருவராக வந்திருக்கிறார். அதன் பிறகு மூன்று இரவும் உன் நாற்காலியில் அவர்தான். நீ கோபிக்கமாட்டாய் என்று நினைத்தேன்.

நாளைக் காலை ஏழு மணிக்குக் கப்பல் கரை சேர்கிறது. இந்தக் கடிதம் தபாலில் வராது. இதைக் கொண்டுவந்து உன் கதவைத் தட்டியிருப்பவர்தான் அவர், முபாரக். தண்ணீர் கொடு, படியேறி வந்திருப்பார், லிஃப்ட் என்றால் அவருக்குப் பயம்.

நீ இதைப் படிக்கும்போது நான் கீழே இருக்கிறேன், உங்கள் கிழவிகள் கூட்டம் கூடும் கல் மேஜையில். திருச்சி விமானம் இரவு எட்டு மணிக்கு. அதுவரை இருப்பேன். நீ கூப்பிடாமல் மேலே வரமாட்டேன். கூப்பிட மனமில்லையென்றால் அவரிடம் சொல்லி அனுப்பு, எழுந்து போகிறேன். எழுப்பப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியட்டும்.

ஐம்பது வருடத்தில் உன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கேட்டதும் இல்லை. இப்போது கேட்கிறேன், ராஜாத்தி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறேன். எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்காருகிறேன்.

குந்தவை