மொரீஸா வடிவேலா

அன்புள்ள மகள் அபிக்கு அம்மா எழுதுவது. முத்தியால்பேட்டையில் நாங்கள் இருவரும் சுகம், உன் அப்பாவின் ஆபரேஷன் செய்த முழங்காலும் சுகம். லியோனில் நீயும் மாப்பிள்ளை ஆந்தனியும் வயிற்றில் இருக்கும் எங்கள் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுகிறார், அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

போன மாதம் பேசும்போது, பிள்ளைக்கு இங்கே அப்பா வீட்டு மொரீஸ் பேரையும் வைக்கலாம், அம்மா வீட்டுப் பேரையும் வைக்கலாம், இரண்டையும் சேர்த்தும் வைக்கலாம், நான் வடிவேல் என்றே வைக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனி. (புருஷன் பேரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதினால் குற்றமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.) நீ யோசிக்கிறேன் என்றுதான் சொன்னாய், இவருக்கு அதுவே போதுமாயிருந்தது. கால் சரியாகும்வரை தனியாக இருக்க முடியாது என்று என்னை உன் பிரசவத்துக்கு விடாத மனுஷன், மறுநாள் காலையிலேயே ஆட்டோ பிடித்துப் போய் லட்டு வாங்கி வந்து, வாக்கரைத் தள்ளிக்கொண்டே தெரு முழுக்கக் கொடுத்தார். எதிர்வீட்டு இராமதாஸ் அண்ணன், பொம்பளைப் புள்ளைக்குப் போயி வடிவேலா என்று கேட்டதற்கு, அது குடும்பப் பேரு, உனக்குப் புரியாது என்றாராம். நம் வீட்டில் எந்தக் காலத்தில் குடும்பப் பேர் இருந்தது அபி? உன் தாத்தா சாமிக்கண்ணு பேர் இவருக்கு முன்னால் ஒரு எழுத்தாக நிற்கிறது, இவர் பேர் உனக்கு ஒரு எழுத்து, அதோடு சரி. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று யாரோ சொன்னார்களே என்று உன் அப்பா பேரைப் போட்டோம். அங்கே போனதும் நீ மதாம் வடிவேல் ஆகிவிட்டாய்.

தெருவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு டப்பா லட்டை எடுத்துக்கொண்டு மிஷன் வீதிப் பக்கம் உன் மாமியார் வீட்டுக்கும் போய், எங்க பேருதான் வருது சம்பந்தியம்மா என்று நீட்டியிருக்கிறார். மார்கரீத் அம்மா டப்பாவை வாங்கி மேசைமேல் வைத்தாராம், திறக்கவில்லையாம். அவர் குணம்தான் உனக்குத் தெரியுமே, கோபம் வந்தால் பேச்சு வராது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை போன் செய்து, மமோனுக்கு (அம்மாவை அப்படித்தானே கூப்பிடுவார்) முதுகு வலியாம் அத்தை, பிரசவத்துக்கு வரலையாம் என்றார். உன் மாமியார் பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர், விசா எதுவும் வேண்டாம், நினைத்தால் கிளம்பலாம், உன் பக்கத்தில் அவராவது இருப்பார் என்றுதான் நான் நிம்மதியாக இருந்தேன். தலைப்பிரசவம், மாப்பிள்ளை வேலைக்குப் போய்விடுவார், நீ அந்தக் குளிரில் தனியாகக் கிடப்பதா? அன்றைக்கு உன் அப்பாவுக்கு என்னிடம் கிடைத்ததை எழுதினால் காகிதம் பற்றாது.

மறுநாள் அவரை இராமதாஸ் அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு நானே போனேன். மார்கரீத் அம்மா வா என்று மட்டும் சொன்னார். கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது, பிள்ளைக்கென்று பின்னிய சட்டைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்திருந்தார். காபி கொடுத்தார், சர்க்கரை போடவில்லை. மறந்தாரா வேண்டுமென்றே செய்தாரா தெரியாது, குடித்துவிட்டேன். அப்புறம் சுவரில் இருந்த உன் மாமனார் படத்தைக் காட்டி, இவரு தாத்தாவுக்குத் தாத்தா பத்திரம் எழுதுற நோத்தேர்கிட்ட போயி, சாதி வழக்கமெல்லாம் எனக்கு வேணாம்னு கையெழுத்துப் போட்டு எடுத்துகிட்டதுதான் கமலா இந்த மொரீஸ்ங்கிற பேரு, சொத்தா வச்சாரு, இந்தப் பேரைத்தான் வச்சாரு, இவரு பட்டாளத்துல சொல்தாவா எங்கெங்கேயோ போயி இந்தப் பேரோடதான் திரும்பி வந்தாரு, எனக்கு ஒரே புள்ள, அவனோட முடிஞ்சிடணுமா என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. நமக்குப் பேர் ஒரு தலைமுறைக்குத்தான், அடுத்த தலைமுறைக்கு எழுத்து, அதற்காக யாரும் அழுததில்லை. அவர்களுக்கு அப்படி இல்லை என்பது அந்த வீட்டில் பெண் கொடுத்த எனக்கு அதுவரை தோன்றவே இல்லை பார்.

நான் பேச்சை மாற்றுவதற்காக, கல்யாணத்துக்கு முன்னாடி உங்க வீட்டுப் பேரு என்ன சம்பந்தியம்மா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, ரொசாரியோ என்றார். யாரும் கேட்டதே இல்ல, எனக்கே மறந்துபோச்சு என்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் புருஷன் வீட்டுப் பேருக்கும் என் புருஷன் பேருக்கும் சண்டை, பேரில் எங்கேயும் இல்லாத நாங்கள் இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சிரித்துக்கொண்டே இருந்த எனக்கு என்ன ஆயிற்றோ, அழுகை வந்துவிட்டது. பேரை நீங்களே வச்சுக்குங்க, மொரீஸ்னே வைக்கட்டும், அவ கூட மட்டும் போயி இருங்க, எனக்குத்தான் போவ முடியலயே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உன் அப்பாவைக் கேட்காமல் அவர் பேரை நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். லட்டு குடுத்தாச்சே என்றார். அப்புறம், சரி விடு, எம் பொண்ணு தனியா கெடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டார். அவருக்கு மனசு கஷ்டம்தான், உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். அன்று சாயங்காலமே மார்கரீத் அம்மா போன் செய்து, டிக்கெட் போட்டுட்டேன், நான் பேரை வாங்கிகிட்டுப் போவல, புள்ளையப் பாக்கப் போறேன், அதுங்க ரெண்டும் எதை வேணா வைக்கட்டும் என்றார். லட்டு நல்லா இருந்துச்சுன்னு சம்பந்திகிட்ட சொல்லு என்றும் சொன்னார்.

ஆகவே அபி, நான் கொடுத்த வாக்கையும் நினைக்காதே, உன் அப்பாவின் லட்டையும் நினைக்காதே. மொரீஸ் என்று வை, வடிவேல் என்று வை, சேர்த்து வை, முன்னால் வை, பின்னால் வை, நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், முதல் பிள்ளைக்கு வைப்பதுதான் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் என்று மாப்பிள்ளை சொன்னார், அதனால் அவசரப்பட்டு வைக்காதீர்கள்.

இந்தக் கடிதம் உன் மாமியார் கைப்பையில் வருகிறது. பெட்டியில் பிரசவ மருந்துப் பொடியும் பூண்டு ஊறுகாயும் இருக்கின்றன, அவர் சமையலில் காரம் இல்லை என்று முகம் சுளிக்காதே. சூடாகச் சாப்பிடு, காதில் பஞ்சு வை, வலி எடுத்தால் வெட்கப்படாமல் கத்து. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறாண்டு இருக்க வேண்டும். பிள்ளையை முதலில் கையில் வாங்கப்போவது மார்கரீத் அம்மா. பேரை விட்டுக்கொடுத்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை அபி, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பிள்ளை பிறந்ததும் பேர் எழுதப் போவதற்கு முன்னால் எனக்குப் போன் போட்டு, அதன் அழுகையை நான் கேட்க வையுங்கள். அன்றைக்கு ஸ்பீக்கரில் போட மாட்டேன்.

உன் அம்மா,
கமலா