கடித்தவளுக்கு மூன்று மாதம்

அம்மாவுக்கு,

உங்கள் பேத்தி வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டாள். இரண்டே தையல்தான், பதறாதீர்கள். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

டாக்டர் சீட்டு இல்லாமல் மறுபடி வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்றார்கள் பள்ளியில். உங்கள் மருமகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நான்தான் கூட்டிப் போனேன். கோபத்துக்குக் கடிவாளம் போடும் ஏதோ ரசாயனம் மூளையில் குறைவாக இருக்கலாமாம். "ஆறு மாசம் மாத்திரை" என்றார் டாக்டர். "மூணு மாசமா முடிச்சுக்குங்க" என்று பழக்க தோஷத்தில் பேரம் பேசிவிட்டேன். "கடைக்காரரே, மூளைக்குத் தள்ளுபடி கிடையாது!" என்று சிரித்தார்.

"சின்ன வயசுல நீங்க எப்படி?" என்று கேட்டார். அண்ணன் மேல் தராசுப் படிக்கல்லை எறிந்ததைச் சொன்னேன். சரக்கு எந்தக் கடையிலிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று நீங்கள் அடிக்கவில்லை. என் மூச்சு அடங்கும்வரை சேலைத் தலைப்பில் சுருட்டி இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள். அந்தக் கதகதப்பு இன்னும் முதுகில் இருக்கிறது. இவளை நான் பிடித்தால் திமிறுகிறாள். உங்கள் பழைய பருத்திச் சேலை ஒன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. டாக்டரோடு கடைசியில் பேரம் படிந்தது இப்படித்தான்: மூன்று மாதம் மாத்திரை, பிறகு பார்த்து முடிவு; அதுவரை வீட்டில் நான் குரலை உயர்த்தக்கூடாது.

உங்கள் சின்னவன்