அத்தையின் ஆகாயத்தில் ஆந்தை

அன்பு மகள் பாப்புவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி எட்டிப் பார்க்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் என் முதல் நினைப்பு. குழந்தைக்குச் சளி விட்டதா, தலை துவட்டாமல் வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. நீ செய்கிற கார்டில் கோடெல்லாம் கலங்கிப்போகிறது என்று போனில் கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆபீஸில் கிடக்கும் ஸ்டாம்ப் பேடை எடுத்து ரப்பர் அச்சில் ஒற்றிக் குத்திவிட்டு அதன் மேல் வாட்டர் கலர் பூசினால் கோடெல்லாம் கரைந்து ஓடாமல் என்ன செய்யும். தண்ணீரில் கரையாத மை என்று கடையில் கேட்டு வாங்கு, குத்தியதும் பறக்காமல் நன்றாகக் காயவிடு, கெட்டித் தாளாக இருக்கட்டும், நாலு ஓரத்தையும் பலகையில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டால் தாள் நெளியாது. பிரஷில் தண்ணீர் சொட்டக் கூடாது, நிறம் கூடிப்போனால் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடு. கோடே தெரியாமல், கையால் வரைந்தது போல் வேண்டுமென்றால் மிக வெளிறிய சாம்பல் மையில் குத்து, நிறம் ஏறியதும் கோடு இருந்த இடமே தெரியாது. இதையெல்லாம் உன் அத்தைக்கும் நான்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அவள் உனக்குப் போன் செய்து அழுவதற்குள் நடந்ததை என் வாயால் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

பிறந்தநாளுக்கு ஏன் கார்டு வரவில்லை என்று கேட்டாயே, நான் செய்யாமல் இல்லை. மஞ்சள் குடை பிடித்து ஒரு பெண் மழையில் நடக்கிற கார்டு. உன் பள்ளிக்கூடக் குடையின் அந்த மஞ்சள் வரும்வரை கலந்து கலந்து தட்டெல்லாம் வீணாக்கினேன். தபால் அலுவலகத்துப் பக்கம்தான் போகிறேன் என்று அத்தை சொன்னாள் என்று அப்பா அதை அவள் கையில் கொடுத்தனுப்பினார். பிறகு ஒருநாள் நூலகத்துக்குப் போனால் வாசல் கண்ணாடி அலமாரியில் அந்தக் குடை நிற்கிறது. கீழே உன் அத்தையின் பெயர், பக்கத்தில் முழுக்க முழுக்கக் கையால் வரைந்தது என்று ஒரு சீட்டு. நூலகக்கார அம்மா எடுத்துக் காட்டினார். உனக்கு நான் எழுதியிருந்த உள்பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாள் ஒட்டியிருந்தாள் பாப்பு. பின்பக்கம் என் ஆந்தை இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயர் போட்ட தங்க நிற ஸ்டிக்கர். அந்த ஆந்தைக் கதை உனக்குத் தெரியும், நான் கல்யாணமாகி வந்த புதிதில் என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்து ஆந்தை அண்ணி என்று பட்டம் வைத்தவளே அவள்தான், அதையே நான் ரப்பரில் செதுக்கி என் கார்டுக்கெல்லாம் முத்திரையாக வைத்துக்கொண்டேன். அப்படியே பறித்துக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் அழகா இருக்கே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு என்ன தெரியும் பாவம், அச்சே இல்லாம வெறும் கையாலயே வரையறாங்களாம், வர்ற சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டப் போறாங்க, நல்லா வந்துச்சுன்னா இங்க நடத்தப்போற சனிக்கிழமை கார்டு வகுப்பை அவங்ககிட்டயே குடுத்துடலாம்னு இருக்கோம் என்றார். அந்த வகுப்பை எனக்குத் தருவார்களா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நான் எத்தனை நாள் அந்த வாசலில் நின்று திரும்பியிருக்கிறேன் என்பது உனக்குத்தான் தெரியும். உன்னிடம் அப்போதே சொல்லியிருந்தால் விட்டுடும்மா, அத்தைதானே என்றிருப்பாய். வகுப்பை மட்டும் எடுத்திருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ. உனக்கு எழுதியதைக் கிழித்தாளே, அதை விட என்னால் முடியவில்லை.

எதைச் செய்வதென்றாலும் அவள் என் அலமாரியில்தான் வந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். கெட்டித் தாள் கட்டு ஒன்றை முன்னால் வைத்தேன். நிறமில்லாத ஒட்டு மை ஒன்று இருக்கிறது, அதில் என் ஆந்தையை ஒற்றித் தாளின் மேல் பாதியில் குத்தி, அதன் மேல் கார்டு வேலைக்கென்று விற்கிற நிறமில்லாத பவுடரைத் தூவி, இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அந்தச் சூட்டில் காட்டினேன். பவுடர் உருகித் தாளோடு ஒட்டிக்கொண்டால் வெள்ளைத் தாளில் ஒன்றும் தெரியாது, சாய்த்துப் பார்த்தால்தான் லேசாக மினுக்கும். அதன் மேல் நிறம் மட்டும் பிடிக்கவே பிடிக்காது. கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று அவள் கண்ணாடி போடுவதில்லை, சாய்த்தாலும் அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல் வந்தாள், அண்ணி கெட்டித் தாள் இருக்கா என்று கேட்டுக்கொண்டே கட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தாராளமா எடுத்துக்கோ என்றேன். வீட்டிலேயே நடுவில் பூ அச்சை வெளிறிய மையில் குத்தி எடுத்து வருவாள், மேலே நீல ஆகாயம் பூசுவாள், அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு படம்தான்.

சனிக்கிழமை நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு, எல்லாம் மனசுல இருந்து வர்றதுதான் என்று பேசிக்கொண்டே தாளின் மேல் பாதியைத் தண்ணீரால் நனைத்தாள், நீலத்தைத் தொட்டு வைத்தாள். நிறம் ஓடியது, ஓடி ஒரு இடத்தில் விலகியது. முதலில் இரண்டு காது, பிறகு இரண்டு பெரிய கண். பின்னால் யாரோ ஆந்தை வருது பாருங்க என்றார்கள். தாள் சரியில்ல என்று அடுத்ததை எடுத்தாள், அதிலும் ஆந்தை. மூன்றாவதிலும் ஆந்தை. அதற்கு மேல் அவள் கை கட்டுப் பக்கம் போகவில்லை. நம் பல் டாக்டரும் வந்திருந்தார், இது எனக்கு வருஷா வருஷம் வர்ற கார்டுல இருக்கற ஆந்தையாச்சே என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், அந்த மஞ்சக் குடை கார்டைத் திருப்பி ஸ்டிக்கரைக் கொஞ்சம் உரிச்சுப் பாருங்களேன் என்று. நூலகக்கார அம்மா நகத்தால் உரித்தார். அதற்கடியிலும் அதே ஆந்தை. அந்த நிமிடம் உன் அத்தை திருதிருவென்று முழித்த முழி இருக்கிறதே, என் ஆந்தை தோற்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்து, நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டீங்களே அண்ணி என்று அழுதாள். என் மகளுக்கு எழுதின பக்கத்தை என்ன பண்ணினே என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டாளாம். அழுகிறவளைப் பார்த்தால் இரக்கம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை. அப்பா அன்று முழுதும் என்னிடம் பேசவில்லை, தங்கை அல்லவா. ராத்திரி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தார், எனக்குக் கேட்காது என்று நினைப்பு. சனிக்கிழமை வகுப்பு இனி என்னுடையது. இதோடு உனக்குப் புது மஞ்சள் குடை கார்டு ஒன்று வைத்திருக்கிறேன், இந்த முறை நானே போய்த் தபாலில் சேர்ப்பேன். உள்பக்கத்தில் முன்பு எழுதியதை நினைவில் இருந்த மட்டும் திரும்ப எழுதியிருக்கிறேன், சில வரிகள் எப்படி யோசித்தும் வரவில்லை, அதற்கும் அவளை நான் மன்னிக்கப் போவதில்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், கைக்கு எட்டினதெல்லாம் நிலைத்து, நூறு வயது இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கட்டின் மேலிருந்த மூன்று தாள் முடித்ததும் பவுடர் தீர்ந்துவிட்டது, மிச்சமெல்லாம் வெறும் தாள். இது அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தாளாக ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாளாம், கடையில் வாங்கின தாளைக் கூடத் தொடப் பயப்படுகிறாளாம். மிச்சமெல்லாம் சுத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிடேன் என்று அப்பா கெஞ்சுகிறார். நான் சொல்ல மாட்டேன். உனக்குப் போன் செய்து கேட்பாள், நீயும் சொல்லாதே.

ஆசிகளுடன்,
உன் அம்மா
(பக்கத்தில் ஆந்தை, கறுப்பு மையில்)