சனிக்கிழமை பதினொரு மணிக்கு மர்யா வருகிறார்

சிட்லபாக்கம்
வியாழக்கிழமை

அன்புள்ள ஸஹானாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம், அலுப்பைத் தவிர பெரிய வியாதி எதுவும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ அழ ஆரம்பிப்பாய், நானும் பாதியில் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதனால் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். வகுப்பு முடிந்து அறைக்கு வந்தபிறகு படி. கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விட்டுவிட்டு மழை. ஏரி இன்னும் நிரம்பவில்லை, ஆனால் நம் தெருமுனையில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஒரு பலகையைப் போட்டு அதன்மேல்தான் எல்லோரும் நடக்கிறோம். கழுத்து வலிக்கு டாக்டர் போட்டுவிட்ட பட்டையோடு அப்பாவும் அந்தப் பலகையில்தான் நடக்கிறார், அவர் குனிந்து பார்க்க முடியாது இல்லையா. இருந்தும் தினமும் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் போய் கிண்டிக்கு ரயில் பிடிக்கிறார், லீவு போடுங்கள் என்றால் மார்ச்சுக்கு வேண்டும் என்கிறார், மார்ச்சில் என்ன என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். போதாததற்குத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோய் மூன்று நாளாக லாரித் தண்ணீர், கீழே தொட்டியிலிருந்து பக்கெட்டில் தூக்கி வருகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடத்து லைப்ரரியில் கூரை ஒழுகி மேல்தட்டுப் புத்தகங்கள் நூறுக்கு மேல் நனைந்துவிட்டன. பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்திருக்கிறேன், பிள்ளைகள் யாரையும் உள்ளே விடுவதில்லை, ஈரக் காகித வாசனையிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். இதையெல்லாம் நீ கவலைப்பட வேண்டும் என்று எழுதவில்லை. இந்த வாரம் நான் செய்த ஒரு காரியத்தை எந்த நிலைமையில் செய்தேன் என்று உனக்குத் தெரியட்டும் என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ அழுதுகொண்டே முன்னும் பின்னுமாகச் சொன்னதை நான் எனக்குள் வரிசைப்படுத்திப் பார்த்தேன், தப்பிருந்தால் திருத்து. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து மர்யா வீட்டுக்குப் போனாய். வெளிநாட்டு மாணவர்களுக்கென்று உன் யூனிவர்சிட்டி பார்த்துக் கொடுத்த குடும்பம், முதல் வார இறுதி, இரண்டு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. அவரும் அவர் கணவர் பென்டியும் ஸ்டாப்பிலேயே வந்து நின்றார்கள். நீ மாமிசம் சாப்பிடமாட்டாய் என்று படிவத்தில் எழுதியதைப் படித்துவிட்டு உனக்கென்று ஒரு புதுச் சட்டியே வாங்கி வைத்திருந்தார்கள். மாடி அறையில் உனக்குப் படுக்கை விரித்திருந்தது, தலையணை உறையில் சிவப்பு நூலில் வரிசையாகப் பறவைகள். அது தன் அம்மா கையால் தைத்தது, விருந்தாளி வந்தால் மட்டும் எடுப்பேன் என்று மர்யா சொன்னார். அதற்கு அரைமணி கழித்து நான் போன் பண்ணினேன்.

அந்தப் போனை நீ என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை, அதனால் நானே சொல்கிறேன். வீடியோவில் உன் தலையைப் பார்த்துவிட்டு முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வறட்டுத் தலையோடு இருக்காதே, எண்ணெய் வை என்றேன். இன்னொருவர் வீட்டில் எப்படியம்மா, அதுவும் இங்கே சனிக்கிழமை சாயங்காலம் நீராவிக் குளியலோடுதான் தலைக்குக் குளிப்பார்களாம் என்றாய். அதனாலென்ன, ஒரு துண்டை விரித்துப் படு என்றேன். நான் இங்கே சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன், துண்டு அங்கே ராத்திரியில் நழுவிவிட்டது. காலையில் எண்ணெய்க் கறையைப் பார்த்துப் பயந்துபோய் குளியலறையில் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்த்தாய், சிவப்பு நூல் சாயம்விட்டு வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. அதை ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையணைக்கு உன் சால்வையைச் சுற்றி வைத்தாய். சனிக்கிழமை முழுக்க அவர்கள் காட்டையும் ஏரியையும் காட்டியபோது உனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ஞாயிறு சாயங்காலம் வரை இருக்க வேண்டியவள் அசைன்மென்ட் என்று சொல்லிவிட்டுக் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாய்.

நீ கேட்டாயே என்று சாயத்துக்கு வழி விசாரித்தேன். நம் கீழ்வீட்டுக் கங்கையம்மாளிடம்தான், அவர் வாடகைக்கும் தண்ணீருக்கும் மட்டுமில்லை, துணிக்கும் அதிகாரி. உன் பெயரைச் சொல்லாமல் என்னுடைய பழைய துணி ஒன்று என்றேன். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா ஸஹானாம்மா, ஒன்னோட துணின்னா நீ இவ்ளோ பேஜார் ஆவமாட்டியே. யாருதுன்னு சொல்லு" என்றார். சுடுதண்ணீரில் சோப்புப் போட்டது என்று மட்டும் சொன்னேன். சுடுதண்ணியில போட்ட சாயம் இனிமே போவாது என்றவர், அவராகவே தன் மருமகள் கீதா கதையை ஆரம்பித்துவிட்டார். கல்யாணமான புதிதில் இவருடைய பட்டுப்புடவையில் இஸ்திரிப்பெட்டியை வைத்து எரித்துவிட்டு அவள் பரண்மேல் ஒளித்துவைத்தாளாம், அதை எடுத்துப் பார்த்த இவர் ஓட்டை எலி கடித்தது என்று நினைத்துவிட்டாராம். "மூணு வருசம் நான் எலியத் திட்டிகினு இருந்தேன். அவ பக்கத்துல நின்னுகினு ஆமாத்த ஆமாத்தன்னு எலிக்கு மருந்து வெக்கிறா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன், ஆனால் மாடி ஏறும்போது பக்கெட் கனமாக இருந்தது.

ஏனென்றால் அதற்குள் நான் ஒரு பொய் சொல்லிவிட்டிருந்தேன், அது உனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மர்யாவிடமிருந்து எனக்கு ஈமெயில் வந்தது, படிவத்தில் என் முகவரியும் இருக்கிறது அல்லவா. உங்கள் பெண் அவசரமாகக் கிளம்பிவிட்டாள், நாங்கள் ஏதாவது தவறாக நடந்துகொண்டோமா, சாப்பாடு சரியில்லையா, எங்களுக்கு உங்கள் பழக்கங்கள் தெரியாது, நீங்கள் சொன்னால் திருத்திக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். தலையணை உறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான்கு தடவை படித்தேன். வரிக்கு வரி, இவர் சொல்லாமல் விட்டிருப்பது ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு கேட்காமல் இருக்கிறாரா, அந்த அறைக்குள் இன்னும் போகவே இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதியிருக்க வேண்டும். நான் லைப்ரரியில் ஈரப் புத்தகங்களுக்கு நடுவில் நின்றபடியே, ஸஹானாவுக்குக் காய்ச்சல், உங்களுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்றுதான் கிளம்பிவிட்டாள், நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை என்று அனுப்பிவிட்டேன். கடைசி வாக்கியம் மட்டும்தான் நிஜம்.

நேற்று அவர் பதில் வந்தது. பாவம், காய்ச்சலோடு தனியாக இருக்கிறாளே, சனிக்கிழமை பதினொரு மணிக்கு நானும் பென்டியும் அவள் ஹாஸ்டலுக்குப் போகிறோம், அவளுடைய சட்டியிலேயே பட்டாணி சூப் வைத்து எடுத்துப்போகிறேன், முடிந்தால் எங்களோடு மறுபடியும் கூட்டிவந்து இரண்டு நாள் வைத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் மெசேஜ் வந்தது. அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள் போலிருக்கிறது, எனக்குப் பரீட்சை இருக்கிறது என்று நீயே அவர்களுக்கு எழுதிவிடு, அப்படியே இந்த ஏற்பாட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறேன், இனிமேல் எந்த வீட்டுக்கும் போகமாட்டேன் என்று. நான் அம்மா, உனக்காக இன்னொரு வரி எழுதுவது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ராத்திரிச் சமையலை முடிப்பதற்குள் எழுதியிருப்பேன். ஆனால் காய்ச்சலுக்குச் சூப் வருகிறது என்றால் பரீட்சைக்கு என்ன வரும், அதற்கு அடுத்ததற்கு என்ன வரும் என்று நினைத்தேன், எனக்கு அலுப்பாக இருந்தது. இன்னும் மூன்று வருஷம் அந்த ஊரில் இருக்கப்போகிறாய். வேளைகெட்ட வேளையில் உடம்புக்கு வந்தால் ரயில் பிடித்து நான் வரமுடியாது. உன்னைப் பார்க்க நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் அந்த நாட்டில் அந்த இரண்டு பேர்தான். ஒரு துணிக்காக அவர்களை நீ விடப்போகிறாய், நான் அதற்கு எழுத்துவேலை செய்யவேண்டும் என்கிறாய்.

அதனால் உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். இன்று காலை ரயிலுக்கு அப்பா கிளம்பியபின் மர்யாவுக்கு எழுதினேன். காய்ச்சல் என்பது நான் சொன்ன பொய், என் பெண் சொன்னது இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள், அவள் சீக்கிரம் கிளம்பியதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதில் என் பங்கும் உண்டு, அது என்ன என்பதை அவள்தான் உங்களிடம் சொல்லவேண்டும், நான் சொன்னால் சரியாகாது என்று எழுதினேன். உறையைப் பற்றி எழுதவில்லை. அதை எழுத எனக்கு உரிமை இல்லை, அதை மூடிவைக்கவும் இனிமேல் என்னால் ஆகாது. கோபம் வரும், வரட்டும். நீ சின்ன வயதில் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினால் நான் வெளியே உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன், இப்போதும் அப்படித்தான் இருப்பேன்.

மதியம் பதில் வந்தது. இரண்டே வரி, அப்படியே தமிழில் தருகிறேன். "காய்ச்சல் இல்லை என்பது நல்ல சேதி. சூப் எப்படியும் கொண்டுவருகிறேன்." அவ்வளவுதான். இதையும் நான்கு தடவை படித்தேன்.

அவர்கள் வருமுன் அறையைப் பெருக்கு, உட்கார இரண்டு நாற்காலி பக்கத்து அறையிலிருந்து வாங்கிப் போடு. உறையை நன்றாகக் காயவைத்து மடித்து மேஜைமேல் வை, அவர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் படட்டும், பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்காதே. எண்ணெய் வைக்கச் சொன்னது அம்மா என்று தாராளமாகச் சொல், அதுவும் உண்மைதான், ஆனால் அதை முதலில் சொல்லாதே. அவர் திட்டலாம், அழலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். அது அவருடைய அம்மா தைத்தது, எப்படி இருக்கவேண்டும் என்று நாம் சொல்வதற்கில்லை. சூப்பை மட்டும் அவர்கள் முன்னாலேயே சாப்பிடு.

அப்பாவிடம் நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை, பொண்ணு ஏன் வீடியோவில் வரமாட்டேன் என்கிறாள் என்று தினமும் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு பேச மறக்காதே, கழுத்தைப் பற்றிக் கேள், கேட்டால் சந்தோஷப்படுவார். உனக்கு ஒரு குறையும் வராமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீ நீண்ட நாள் நன்றாக இருக்கவேண்டும். அங்கே பதினொரு மணி என்றால் இங்கே ஒன்றரை. அந்த நேரத்தில் நான் போன் பண்ணமாட்டேன், நீயும் என்னைக் கூப்பிடாதே, கதவைத் தட்டினால் போய்த் திற.

என்றும் உன் நினைவாக,
அம்மா