மாவு சுவரில் ஒட்டியிருக்கிறது, அக்கா

என் பொன்னு அக்காவுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். உன்னைப் பற்றி நல்ல வார்த்தை வேண்டுமென்றால் அடக்க ஆராதனையில் போதகர் சொன்னாரே, அதை நினைத்துக்கொள். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும் உன் வீட்டுக்காரர் என்னைப் படுத்துகிற பாட்டை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

உன் மகள் கிரேசுக்குச் சம்பந்தம் பேச குழித்துறைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. இதற்கு முன் இரண்டு இடம் வந்து, ‘தாயில்லாத பிள்ளை’ என்று சொல்லி ஒதுங்கிவிட்டார்கள். இது மூன்றாவது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், நல்ல குணம். இதுவும் கைநழுவினால் பிள்ளைக்கு மனம் விட்டுப்போகும் என்று எனக்குப் பயம். மிஷன் பங்களா அடுக்களையில் வேலை பார்த்தபோது நீ கற்றுக்கொண்டு வந்தாயே பழப் புட்டிங், அதைச் செய்து வைத்தால் உன் வீட்டுப் பெருமை அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

அதற்காகவே இரண்டு படி மைதா மாவை அங்கே இங்கே கேட்டுச் சேர்த்து, உன் அடுக்களையில் டப்பாவில் வைத்திருந்தேன். அன்று காலையில் என் வீட்டிலிருந்து வேலி தாண்டி வந்து டப்பாவைத் திறந்தால் ஒரு கரண்டி மாவுகூட இல்லை. முற்றத்தில் அத்தான் பெரிய சட்டியில் பசை கிண்டிக்கொண்டிருக்கிறார்! நம் ஊரை மலையாளச் சீமையிலிருந்து பிரிக்கச் சொல்லும் எல்லைப் போராட்டத்துக்குப் போஸ்டர் ஒட்டவாம். போதாக்குறைக்கு, பூச்சி அரிக்காமல் இருக்க நீலத் துரிசையும் கலந்து தொலைத்துவிட்டார். விஷம். வழித்துக்கூட எடுக்க முடியாது.

“அத்தான், இது எந்த மாவு?”

“டப்பால இருந்த மாவாக்கும். நம்ம ஊரு தமிழ்நாட்டோட சேரண்டாமா மேரி? நீ ஒரு கை மாவுக்கு நிண்ணு பேசுதியே!”

“நாடு சேரட்டும். இண்ணைக்கு வாற சம்பந்தம் சேரண்டாமா?”

“அவிய எங்க வருவாவ? இண்ணைக்குக் கடையடைப்பு. பஸ்ஸே கிடையாது.”

பசையை வாளியில் ஊற்றித் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார். இந்த மனுஷனோடு நீ எப்படி அக்கா இருபது வருஷம் குடித்தனம் நடத்தினாய்?

அவர் தலை மறைந்து ஒரு நாழிகை ஆகவில்லை, பக்கத்து வீட்டுத் தங்கம்மை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினாள். “மேரியே, ஒங்க குழித்துற ஆளுவ நடந்தே வாறாவ! பாறசால சந்த கழிஞ்சாச்சு! வேகம் அடுப்பப் பத்த வையி!”

அடுக்களைக்கு ஓடினேன். கடை திறக்காத நாளில் வீட்டில் என்ன இருக்கும்? தோல் கறுத்துப்போன நாலு ஏத்தம்பழம், இரண்டு முட்டை, ஒரு தேங்காய், கருப்பட்டி. மைதாவுக்குப் பதிலாக மரச்சீனிக் கிழங்கு மாவு. சரி, எவ்வளவு மாவு போட வேண்டும்? எவ்வளவு நேரம் வேக வேண்டும்? உன்னிடம் நூறு தடவை கேட்டிருப்பேன். “பாத்துப் போடணும் மக்கா, கையே சொல்லும்” என்பாய். உன் கை சொல்லும். என் கை என்னத்தைச் சொல்லும்? ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாயே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? நானும் கேட்கவில்லை. கேட்டால் நீ பிழைக்க மாட்டாய் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன்.

பழத்தை மசித்து, கருப்பட்டியைக் காய்ச்சி வடித்து, தேங்காய்ப்பால், முட்டை, மாவு எல்லாம் அடித்துச் சேர்த்தேன். நெய் தடவிய சட்டியில் ஊற்றி, மணல் பரப்பிய உருளிக்குள் இறக்கி, மேலே தட்டை மூடி சிரட்டைக் கனலை அள்ளிப் போட்டேன். கிரேசுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டுத் திரும்புவதற்குள் அடி கரிந்த வாசம் வந்தது. நிறமோ சொல்லவே வேண்டாம், கருப்பட்டியால் கன்னங்கரேல் என்றிருந்தது.

வந்தவர்கள் மூன்று பேர்: மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். முழங்கால் வரை புழுதி. அந்த அம்மா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, “அடி பிடிச்சிருக்கே” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். பிறகு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். நடந்து வந்த பசி. மூன்றாவது துண்டும் உள்ளே போன பிறகுதான் கேட்டாள்.

“பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நாளைக்கு எல்லைக் கோடு கீறி, நாங்க அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கம்னு ஆயிட்டா? பேறுகாலத்துக்குப் பிள்ளை எங்க வருவா? அம்மை இல்லாத வீடாக்கும் இது.”

நல்ல நேரம் பார்த்து அத்தான் வந்து சேர்ந்தார். கையில் பசை காயவில்லை. “கோடெல்லாம் வராது! நாம எல்லாரும் ஒண்ணாக்கும்!” என்று பிரசங்கத்தை ஆரம்பித்தார். நான் முறைத்த முறைப்பில் பாதியில் நிறுத்தினார். நானோ காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன், அக்கா. நான் பிள்ளை பெறாதவள். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிடுவாளோ?

தலை குனிந்து நின்ற கிரேஸ் நிமிர்ந்தாள். “எனக்கு சித்தி உண்டு. அம்மை ஆஸ்பத்திரில கிடந்த மூணு வாரமும் தூக்கிக் குளிப்பாட்டினது சித்தியாக்கும். என்னையும் பாத்துக்கிடுவாவ.”

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “பின்ன என்ன, நாள் குறிப்போம்” என்றாள்.

வருகிற ஞாயிறு கோவிலில் சபைக்கு அறிவிக்க முதல் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். அத்தான் இன்னும் கொடியும் கூட்டமுமாகத்தான் அலைகிறார். நம் ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியவில்லை. உன் மைதா மாவு பாறசாலைச் சந்தைச் சுவரில் நன்றாகவே ஒட்டியிருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

எல்லைக் கோட்டை எங்கே வேண்டுமானாலும் கீறிக்கொள்ளட்டும். பேறுகாலத்துக்கு ஏழாம் மாதம் நான் போய் கிரேசைக் கூட்டிக்கொண்டு வருவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. பிள்ளை பிறந்ததும் முதலில் கையில் வாங்கப்போவது நான். நீ வாங்க வேண்டிய பிள்ளை அது. அந்தக் கோபம் மட்டும் எனக்குத் தீரவே தீராது, அக்கா.

உன் கூடப்பிறந்தவள், கிரேசின் சித்தி,
மேரி