தம்பி ஊற்றிய ஆயில்

19 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

கோவையிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக வண்டியை ஸ்டார்ட் செய்தேன். இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். சூடானால் அடங்கும் என்று காத்திருந்தேன். கூடியது.

நான் ஒரு மாதம் ஊரில் இல்லை. சாவி அருணாதேவியிடம் இருந்தது. அவள் அதை என் தம்பி பாண்டிமுருகனிடம் கொடுத்திருக்கிறாள். "கொளுந்தனார் கேட்டாக, குடுத்தேன். வேத்தாளா?" ஆடி முழுக்க தினமும் கம்பெனிக்கு, வெள்ளிதோறும் இருக்கன்குடி கோயிலுக்கு. என் வண்டியில்.

1988 மாடல் ஸ்போர்ட்ஸ் கார். அப்பா பாகம் பிரித்தபோது எனக்கு வந்தது அது ஒன்றுதான். பட்டாசுக் கம்பெனி, ப்ளஸ் டூ தேறாத அவனுக்கு. "படிச்சவன் எங்கிட்டும் பொளச்சுக்குவான்" என்றார். இன்ஜினியரிங் படித்ததற்குத் தண்டனை.

20 ஆகஸ்ட்

இன்ஜின் மூடியைக் கழற்றினேன். கேம் ஷாஃப்ட்டில் வால்வுகளைத் தள்ளும் மேடுகளில் மூன்று மழுங்கிக் கிடக்கின்றன. நகம் வைத்தால் பள்ளம் தட்டுகிறது. ஆயிலை வடித்தேன், தண்ணீர் மாதிரி ஓடியது. இது நான் ஊற்றியது இல்லை.

போன் செய்தேன்.

"ஆமாண்ணே, நான்தான் மாத்துனேன். நீங்க ஊத்துறது பழைய கெட்டி ஆயிலுல்ல? கடையில இருக்கதுலயே விலை கூடுனதா வாங்கி ஊத்துனேன். புது வண்டிக்கெல்லாம் அதான். ஒங்களுக்கு ஒரு கிஃப்டா இருக்கட்டும்னு."

புது வண்டிக்கு. அங்கேதான் இருக்கிறது விஷயம். இந்தப் பழைய இன்ஜினில் இரும்பு இரும்பின் மேல் நேராக உரசுகிறது. நடுவே நின்று காப்பது ஆயிலின் கெட்டியும் அதில் சேர்த்திருக்கும் துத்தநாகமும். புது ஆயிலில் இரண்டுமே குறைவு. எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று மூடியிலேயே என் கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன். படித்தால்தானே.

கிஃப்டாம். அந்த வாயை உடைக்காமல் விடப்போவதில்லை. நாளைக்கே.

21 ஆகஸ்ட்

அடித்துவிட்டேன்.

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். பெரிய ஸ்பேனரை இடுப்பில் செருகிச் சட்டையை மேலே விட்டுக்கொண்டு பைக்கில் போனேன். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஊர்க்காவலன் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். தீப்பெட்டி, போன், இரும்புச் சாமான் எதுவும் வாசலைத் தாண்டாது. முதலாளியின் அண்ணனை அவர் தடவவில்லை.

பாண்டி மருந்து அடைக்கும் ரூமுக்குள் நின்றிருந்தான். நான்கு பெண்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் சாம்பல் நிறப் பொடி. நான் படியில் நின்று ஸ்பேனரை உருவினேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை, ஸ்பேனரைப் பார்த்தான். அந்த ரூமில் பித்தளையும் மரமும்தான் புழங்கும். இரும்பு தரையில் மோதி ஒரு பொறி பறந்தால் போதும், ஆறு பேரையும் கூட்டித்தான் அள்ள வேண்டும்.

ஒருத்தரும் கத்தவில்லை. மூத்தவள் கருப்பம்மாள் மட்டும், பிள்ளைக்குச் சோறூட்டுகிற குரலில் பேசினாள். "அண்ணாச்சி, அதக் கீள போட்றாதீக. இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே பின்னால போங்க. அவுகள வெளிய வச்சு அடிங்க."

"வாரேண்ணே," என்றான் பாண்டி. "இங்கன வேணாம்."

முகம் வெளுத்திருந்தது. நான் முப்பது வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகம். வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நின்றேன். பிறகு பின்வாங்கினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றான். ஓடியிருக்கலாம் — ஏன் ஓடவில்லை? தலைக்குத்தான் ஓங்கினேன். வலது கையைக் குறுக்கே கொடுத்தான். எலும்பு முறிவது காதில் விழுந்தது. அடுத்த அடி அதே கையின் விரல்களில். செத்துத் தொலைடா, எல்லாத்தையும் வாரிக்கிட்டது பத்தாம இதையும் தின்னுட்டியேடா. ஊர்க்காவலன் பின்னாலிருந்து கட்டிப்பிடிக்காவிட்டால் மூன்றாவது தலையில்தான் இறங்கியிருக்கும்.

வருத்தம் இல்லை. வர வேண்டுமா?

22 ஆகஸ்ட்

அருணாதேவி தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

25 ஆகஸ்ட்

லோடு சரிந்து கையில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறான். போலீஸ் வரவில்லை. இதிலும் அவன்தான் பெரிய மனுசன். புகார் குடுத்தா என்னடா? அந்தப் பெருமையும் ஒனக்கே வேணுமா?

14 செப்டம்பர்

சென்னையிலிருந்து வந்த கேம் ஷாஃப்ட்டை மாட்டி, கெட்டி ஆயில் ஊற்றினேன். சத்தம் சுத்தம். யாரையாவது கூப்பிட்டுக் கேட்கச் சொல்லத் தோன்றியது. இந்த வண்டியைப் பற்றிக் கேட்க ஒருவன்தான் இருந்தான்.

"அவுகளுக்கு மூணு வெரல் மடங்காதாம்," என்றாள் அருணாதேவி. மூன்று வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

29 செப்டம்பர்

மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. மதுரையில் கைக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், கூட்டிப்போகலாம் என்றுதான் போனேன். கம்பெனி வாசலுக்கு வெளியே நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன். ஊர்க்காவலன் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

"மொதலாளி வாரேன்னுதான் கெளம்புனாக. பொம்பளையாளுக விடல. மொதலாளி, ஒங்கண்ணன் வண்டியில நீங்க ஏறுனா, நாங்க அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போயிருவோம்னுட்டாக. தீவாளி சீசன், அண்ணாச்சி."

"அவன் என்ன சொன்னான்?"

"திரும்ப உக்காந்துட்டாக." சன்னல் பக்கம் குனிந்தார். "மொதல்ல இஞ்சின அமத்துங்க. ஆடி முளுக்க கேட்ட சத்தம், பொம்பளையாளுகளுக்குத் தெரியும். நீங்க வந்துட்டீகன்னு கருப்பம்மாளுக்குக் கை நடுங்குது. மருந்து அடைக்கிற கை."

அணைத்தேன். கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கதவைத் திறந்து, தோளைக் கொடுத்து மெயின் ரோடு வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.