ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

அன்பிற்குரிய உங்களுக்கு,

இங்கே நலம்தான். அத்தைக்குக் குளிரில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கச் சொன்னார்.

ஒவ்வாமை டாக்டரைப் பார்த்துவிட்டேன். முன்கையில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் குத்தினார். தூசி வைத்த இடம் பேசாமல் இருந்தது. பூனை முடிக்கான இடம் மட்டும் தடித்துச் சிவந்துவிட்டது. கால்நடை மருத்துவமனையில் வேலை பார்ப்பவளுக்குப் பூனை ஆகாதாம். எங்கள் கால்நடை டாக்டரிடம் சொன்னால், பூனைகளுக்குத் தெரியவேண்டாம், மனசு வருத்தப்படும் என்கிறார்.

ஆகாத பொருளையே துளித்துளியாக ஊசியில் ஏற்றி உடம்பைப் பழக்குவார்களாம். மூன்று வருடமாவது ஆகும். எல்லோருக்கும் போட மாட்டார்கள். சோதனையில் தெரிந்ததுதான் உடம்பைப் படுத்துகிறதா, மாத்திரைக்கு அடங்குகிறதா, மூச்சிரைப்பு கட்டுக்குள் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார். குழாயில் ஊதச் சொன்னார், ஊதினேன். எனக்குத் தாராளமாகப் போடலாம் என்றார். பரீட்சையில் தேறியதுபோல் இருந்தது.

எழுந்திருக்கும்போதுதான், குழந்தைக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியே பழகிய வாய்க்கு அன்று ஏனோ அந்தச் சொல் வரவில்லை. நீங்கள் லீவு முடிந்து போனதிலிருந்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. அலைச்சல் என்று விட்டுவிட்டேன். அங்கேயே சோதித்தார்கள். ஆமாம் என்றார்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் தொடரலாமாம், புதிதாகத் தொடங்கக் கூடாதாம். ஊசி ஒத்துக்கொள்ளாவிட்டால் குழந்தைக்கும் ஆபத்து. மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள், பிறந்தபின் வாருங்கள் என்று வாழ்த்தி அனுப்பினார். நான் நன்றி சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

போன தடவை மூன்றாம் மாதத்தில் கைவிட்டுப் போனதே, அதனால் அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. இருமல் வரும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன். வேலையை விடுவதா, வரவேற்பு மேசைக்கு மாறுவதா? அங்கேயும் பூனைகள் கூடையில் வந்து எதிரில் உட்காரும். ஒன்றும் புரியவில்லை. சந்தோஷப்படலாமா என்றுகூடத் தெரியவில்லை. நீங்கள் படச் சொன்னால் படுவேன்.

போனில் இதைப் பற்றிக் கேட்காதீர்கள். அத்தை பக்கத்தில் இருப்பார், என் குரல் எனக்கு அடங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது மறுபடி லீவு தரமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் பரவாயில்லை, கேட்டேன் என்றாவது எழுதுங்கள்.

உங்கள்,
தும்மல்காரி